டவுன்ல போட்டோ பிரிண்ட் போட்ட கதை

பொலன்னறுவ ட்ரிப் படமும் நம்மட கோட்டை, கல்லடி பழைய பாலம் படங்களும் போன்லயே கிடக்கு, பெரியம்மாக்கு ஆல்பமா குடுப்பம் எண்டு மட்டக்களப்பு டவுன்ல ஒரு ஸ்டூடியோல பிரிண்டுக்கு குடுத்தன், கடைப்பேர் வேணாம்.

கலர் சூப்பர் கா. 1628ல போர்த்துக்கீசர் கட்டி 1638ல ஒல்லாந்தர் புடிச்ச கோட்டை, அந்த மதில்ல பாசி புடிச்ச இடம் கூட தெளிவா விழுந்திரிக்கு. ஆனா பொலன்னறுவ கல்விகாரைல (பாறைல செதுக்கின சிலையள் இரிக்கிற இடம்) நிக்கிற சிலைட படத்துல தலைய வெட்டிப்போட்டானுகள்! போன் படத்துட நீள அகல விகிதம் 4:3, 4x6 அங்குல பேப்பர்ட விகிதம் 3:2, அப்ப அகலப்படத்துல மேலயும் கீழயும் வெட்டுப்படத்தான் செய்யும், அத முதல்ல ஒரு வார்த்த கேட்டா என்ன? கேட்டதுக்கு தம்பி சிரிச்சிட்டு வெள்ள போர்டர் விட்டு திரும்ப அடிச்சு தந்தான், காசு எடுக்கல்ல, அது நல்ல விசயம்.

படம் அனுப்புறெண்டா வாட்ஸ்அப்ல டொக்கியுமென்ட்டா அனுப்புங்க, சும்மா படமா அனுப்பினா சைஸ் கொறஞ்சிரும், 8x12 அங்குலத்துல பெரிசா அடிக்க 2400x3600 பிக்சலாவது இரிந்தாத்தான் 300 டிபிஐல (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) கூரா வரும். போன் ஸ்கிரீன் வெளிச்சத்துல பாக்கிறதவிட பேப்பர்ல கொஞ்சம் இருட்டாத்தான் வரும், கல்லடி பாலத்து அந்திப்படம் அப்படித்தான் வாவி கறுப்பாகிட்டு, அதுக்கு கடைய குத்தம் சொல்லேலா.

ஆல்பம் மட்டைதான் சரியில்ல, ஓரம் இப்பவே கிளம்புது. பிரிண்டுக்கு மட்டும் போங்க, ஆல்பம் வேற கடைல வாங்குங்க.