பேட்மேன் ஒன்பது, குழு பூஜ்யம்: டிசி மல்டிவர்ஸ் பொம்மைகள்

இந்தப் பொம்மைகளுக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் ஆக்‌ஷன் ஃபிகர். சேகரிப்பவர்கள் அதைச் சுருக்கி ஃபிகர் என்பார்கள். "நேத்து ஒரு ஃபிகர் சிக்கிச்சு, செம கண்டிஷன்" என்று ஆபீஸ் கேன்டீனில் நின்று போனில் பேசிவிட்டுத் திரும்பியபோது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து இவை எனக்குப் பொம்மைகள்தான். 43 வயதில் அதைச் சொல்வதும் ஒன்றும் சுலபமில்லை, இருந்தாலும் பரவாயில்லை.

அமெரிக்கப் பொம்மைக் கம்பெனியான மெக்ஃபார்லேன் டாய்ஸ் 2020-லிருந்து வெளியிட்டு வரும் டிசி மல்டிவர்ஸ் வரிசையைப் பற்றித்தான் எழுதுகிறேன். டிசி என்பது பேட்மேன், சூப்பர்மேன் கதைகளைப் போடும் காமிக்ஸ் கம்பெனி. என்னிடம் 31 பொம்மைகள் இருக்கின்றன. அதில் 9 பேட்மேன். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் வந்த, டிடெக்டிவ் காமிக்ஸ் 1000-வது இதழின் தோற்றத்தில் செய்த பேட்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். சூட்டின் மடிப்பு, தையல், பெல்ட்டில் இருக்கும் ஒவ்வொரு பையும் தனித்தனியாகத் தெரியும். 22 இடங்களில் மடங்கும். முழங்கால் நன்றாக மடிவதால் கூரை விளிம்பில் குந்தியிருக்கும் அந்தக் கோலத்தை வைக்க முடிகிறது. காலடியில் வைக்க ஒரு ஸ்டாண்டு, கூடவே ஒரு படம் போட்ட அட்டை. அமெரிக்காவில் அப்போது 20 டாலருக்கு இவ்வளவு நுணுக்கமான வேலை கிடைத்தது பெரிய விஷயம். முதுகில் தொங்கும் கேப் கெட்டிப் பிளாஸ்டிக், அதனால் கால்மேல் கால் போட்டு உட்கார வைக்க ஆசைப்பட வேண்டாம். ஒரு பொம்மை மட்டும் வாங்கி மேசையில் வைப்பதானால் இதோடு நிறுத்திக்கொண்டு போய் வாங்கிவிடலாம்.

எனக்கு ஒன்று போதாது. நான் சிறுவயதில் ஃபன்ஸ்கூல் ஜி.ஐ.ஜோ வைத்து விளையாடியவன். அதில் நல்லவர்கள் ஒரு பக்கம், கெட்டவர்கள் ஒரு பக்கம், எல்லாரும் ஒரே உயரம். எனக்குக் குழு வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் சிக்கல் உயரம். டிசிக்குப் போட்டியான மார்வெலின் நாயகர்களை ஹாஸ்ப்ரோ கம்பெனி போடும் மார்வெல் லெஜெண்ட்ஸ் வரிசை 6 அங்குல அளவு. இதற்கு முன்னால், பார்பி செய்யும் மேட்டல் கம்பெனி போட்ட டிசி பொம்மைகளும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். மெக்ஃபார்லேனோ தன்னுடைய மற்ற வரிசைகளைப் போல இதையும் 7 அங்குல அளவில் போட்டது. ஒரு அங்குலம்தானே என்று நினைப்பீர்கள். பழைய பேட்மேன் பக்கத்தில் புதிய ராபினை நிறுத்திப் பாருங்கள், யார் யாருக்குச் சீடன் என்று சந்தேகம் வந்துவிடும். என் அம்மாவிடம் இதைப் புலம்பினேன். "கொலுவுல செட்டியார் பொம்மையைவிட பிள்ளையார் சின்னதா உட்கார்ந்திருக்கார், பக்கத்துல பூசணிக்காய் ஒன்னு அவரைவிடப் பெரிசா இருக்கு. யாராவது கேட்டாங்களா?" என்றார். பதில் இல்லை.

இந்த உயரக் குழப்பத்துக்கு வேர் லைசென்ஸ். டிசி தன் நாயகர்களைத் தானே பொம்மையாக்கிக் கடைகளுக்கு அனுப்புவதில்லை. பெரிய அளவில் செய்யும் உரிமையைச் சில வருடங்களுக்கு ஒரு கம்பெனிக்குக் கொடுக்கிறது. பல காலம் அது மேட்டலிடம் இருந்தது. 2020-ல் இரண்டாகப் பிரிந்தது: குழந்தைகளுக்கான 4 அங்குல, 12 அங்குலப் பொம்மைகள் ஸ்பின் மாஸ்டருக்கு, சேகரிப்பவர்களுக்கானது மெக்ஃபார்லேனுக்கு. இப்போது 2026-ல் உரிமை மறுபடி மேட்டலுக்கே போகிறது. (இதில் ஒரு வேடிக்கை. டாட் மெக்ஃபார்லேன் 1994-ல் கம்பெனி தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் டாட் டாய்ஸ். பார்பி குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு டாட் இருக்கிறான் என்று ஆட்சேபித்துப் பெயரை மாற்ற வைத்தது மேட்டல்தான்.)

குத்தகை நிலத்தில் யாராவது தென்னை வைப்பார்களா? கீரைதான் போடுவார்கள், சீக்கிரம் அறுக்கலாம். பேட்மேன்தான் இந்தத் தொழிலின் கீரை. எத்தனை விதைத்தாலும் விற்கும். முதல் தொகுதியிலேயே பேட்மேன் இரண்டு, சூப்பர்மேன் இரண்டு. அப்புறம் கவசம் போட்ட பேட்மேன், சிரிக்கும் பேட்மேன், சினிமாவுக்குச் சினிமா ஒரு பேட்மேன். கம்பெனியை மட்டும் குறை சொல்லவும் முடியாது. கடைக்காரர் பெட்டி பெட்டியாக வாங்குகிறார், யாருக்கும் தெரியாத ஒரு நாயகன் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் அடுத்த பெட்டியை எடுக்க மாட்டார். ஆனால் அந்த 9 பேட்மேனையும் வரிசையாக நிறுத்திவிட்டு, குழுவில் இன்னும் வராத நாலு பேரை யோசித்தால், யாருடைய காலிலோ விழுந்து கேட்கலாமா என்றிருக்கிறது.

2008-ல் மேட்டல் தொடங்கிய டிசி யுனிவர்ஸ் கிளாசிக்ஸ் வரிசையை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. ஃபோர் ஹார்ஸ்மென் என்ற சிற்பக் குழு வடிவமைத்தது. சில உடல்களை மட்டும் அச்சாகச் செய்துகொண்டு, தலையையும் வண்ணத்தையும் மாற்றி மாற்றிப் புதுப்புது ஆள்களைக் கொண்டுவந்தார்கள். செலவு குறைவு, அதனால் துணிச்சல் அதிகம். முதல் தொகுதியிலேயே ரெட் டொர்னேடோ, எட்ரிகன், ஓரியன் என்று வெளியே அதிகம் தெரியாத ஆள்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு பொம்மையோடும் ஒரு கையோ காலோ உபரியாக வரும், எல்லாம் சேர்ந்தால் மெட்டமார்ஃபோ என்ற இன்னொரு நாயகன். தந்திரம்தான், பிடிக்காத பொம்மையையும் வாங்க வைப்பார்கள். ஆனாலும் கடைசியில் ஒரு முழு ஆள் கையில் இருப்பான். என்னுடைய மெட்டமார்ஃபோவுக்கு ஒரு கால் இல்லை. ஆன்லைனில் மொத்தமாக விற்ற ஒருவர் "எல்லாம் இருக்கு சார்" என்றார். எண்ணிப் பார்க்காதது என் தப்பு. சுவரில் சாய்ந்து நிற்கிறான், பாவம்.

இந்தியாவில் வாங்குவது தனிக் கதை. பொம்மைகளுக்கான சுங்க வரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. 2021 ஜனவரி 1-லிருந்து பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். உள்ளூர்த் தொழிலுக்கு நல்லது, தரம் பார்ப்பதும் நியாயம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வருடத்துக்கு நூறு பேர் வாங்கும் ஒரு பொம்மைக்காக எந்த வெளிநாட்டுத் தொழிற்சாலை முத்திரை வாங்க மெனக்கெடும்? நான் போகும் கடையில், பெயர் வேண்டாம், 20 டாலர் பொம்மைக்கு 4,200 ரூபாய் சொன்னார்கள். ஏன் என்று கேட்டேன். "எடுத்தா எடுங்க சார், வேற ஒருத்தர் கேட்டு வச்சிருக்கார்" என்றார் அந்தப் பையன். எடுத்துவிட்டேன். அந்த வேறொருத்தரை இதுவரை நான் பார்த்ததில்லை.

வரி என்றதும் டாய் பிஸ் வழக்கு ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் அப்போது மனித உருவப் பொம்மைக்கு 12 சதவீதம் வரி, மற்ற விளையாட்டுப் பொருளுக்கு 6.8. மார்வெல் பொம்மைகளைச் செய்துவந்த டாய் பிஸ், எக்ஸ்-மென் மனிதர்களே இல்லை என்று நீதிமன்றத்தில் வாதாடி 2003-ல் ஜெயித்தது. மனிதராகவே தங்களை ஏற்கச் சொல்லிக் காமிக்ஸ் முழுக்கப் போராடும் கூட்டம் அது. அவர்கள் மனிதரில்லை என்று நிரூபித்ததோ அவர்களை விற்றுப் பிழைத்த கம்பெனி.

சரி, வாங்கலாமா? உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு நாயகனுக்கு, அதுவும் டிசியில் மட்டும் என்றால், தாராளமாக வாங்குங்கள். இந்த விலைக்கு இதைவிட நுணுக்கமான முகமும் உடையும் நான் பார்க்கவில்லை. புது மூட்டு இறுக்கமாக இருந்தால், எந்தக் கம்பெனிப் பொம்மையாக இருந்தாலும், வலுக்கட்டாயமாகத் திருகாமல் வெந்நீரில் கொஞ்சம் ஊறவைத்துத் திருப்புங்கள். முழுக் குழு சேர்க்கப் போகிறேன் என்பவர்கள் இப்போது தொடங்க வேண்டாம். உரிமை கைமாறும் நேரம். புதிதாக வருபவர் முதலில் என்ன போடுவார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா, காதுள்ள முகமூடிதான்.

ஆறு பேட்மேனை விற்கிறேன். டப்பா இல்லை, ஸ்டாண்டு இருக்கிறது. ஏழாவதையும் விற்பதாகத்தான் இருந்தேன், அம்மா கொலுவுக்கு இந்த வருடத்துப் புதுப் பொம்மை என்று எடுத்து வைத்துக்கொண்டுவிட்டார்.