குவாட்ரன்ட் ஹெல்த் செக்: உயிரோடு இருக்கிறது சரி, ஞாபகம் இருக்கிறதா?

எங்கள் ஏஐ ஏஜென்டின் நினைவுகளை ஏழெட்டு மாதமாகக் குவாட்ரன்டில்தான் (வாக்கியத்தின் பொருளை எண்களாக வைத்துத் தேடித் தரும் டேட்டாபேஸ்) வைத்திருக்கிறோம். விசேஷ வீட்டுச் சமையலுக்கு ஆர்டர் எடுக்கிற ஏஜென்ட் அது. போன தடவை பாயசத்தில் இனிப்பைக் குறைக்கச் சொன்னவர் யார், எந்த வீட்டுப் பிள்ளைக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது. அதனால் வேகம், விலை பற்றி எழுதப்போவதில்லை. அந்த டேட்டாபேஸுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் நமக்குத் தெரியவருமா என்பதுதான் எனக்கு முக்கியம்.

குவாட்ரன்டின் 6333 போர்ட்டில் ஹெல்த்இசட், லைவ்இசட், ரெடிஇசட் என்று நலம் விசாரிக்க மூன்று முகவரிகள் தயாராகவே வருகின்றன. ஏபிஐ கீ போட்டுப் பூட்டியிருந்தாலும் இந்த மூன்றும் கீ கேட்காது, கண்காணிப்புக் கருவிக்கெல்லாம் சாவி கொடுத்துவைக்கும் தலைவலி மிச்சம். புரோகிராமைப் பெட்டியில் அடைத்து ஓட்டும் கன்டெய்னர்களை நிர்வகிக்கிற குபர்னெட்டிஸில் லைவ்னெஸ் புரோபுக்கு (உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை) லைவ்இசட், ரெடினெஸ் புரோபுக்கு (வேலைக்குத் தயாரா என்ற சோதனை) ரெடிஇசட், அவ்வளவுதான். மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ரெடினெஸ் தோற்றால் டிராஃபிக் மட்டும்தான் நிற்கும், லைவ்னெஸ் தோற்றால் கன்டெய்னரையே கொன்று மறுபடி கிளப்பும். நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் 10 விநாடிக்கு ஒரு முறை பார்த்து, தொடர்ந்து 3 தடவை தோற்றால் கொன்றுவிடும் என்பதால், நினைவுகள் அடங்கிய பெரிய கலெக்‌ஷனை டிஸ்கிலிருந்து ஏற்றிக்கொண்டிருக்கிற கன்டெய்னர் ஏற்றி முடிப்பதற்குள் செத்துச் செத்துப் பிழைக்கும். கிளம்பி முடியும்வரை மற்றச் சோதனைகளை நிறுத்திவைக்கும் ஸ்டார்ட்டப் புரோப் ஒன்று சேர்த்துவிடுங்கள், சரியாகிவிடும்.

குபர்னெட்டிஸ் இல்லாமல் கன்டெய்னரை ஓட்டும் டாக்கர் கம்போஸில்தான் எரிச்சல். குவாட்ரன்டின் அதிகாரபூர்வ இமேஜுக்குள் கர்ல் (முகவரியைக் கூப்பிட்டுப் பார்க்கும் கருவி) கிடையாது. பழக்கதோஷத்தில் ஹெல்த்செக் வரியில் கர்ல் எழுதினால், நன்றாக ஓடுகிற கன்டெய்னரும் அன்ஹெல்தி என்று காட்டும். பாஷ் என்ற ஷெல் வழியாக 6333ஐத் தட்டிப் பார்க்கிற வழிதான் பலரும் பயன்படுத்துவது. வேலை செய்கிறது, ஆனால் கதவு திறந்திருக்கிறது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது.

கலெக்‌ஷனின் நிலையைக் குவாட்ரன்ட் ஒரு நிறமாகச் சொல்கிறது, பச்சை என்றால் எல்லாம் சரி, அது இதைவிட உருப்படியான தகவல். மஞ்சளைப் பார்த்துப் பதற வேண்டாம், பின்னால் தரவை ஒழுங்குபடுத்தும் ஆப்டிமைசர் வேலை செய்துகொண்டிருக்கிறது. சாம்பல் என்றால் அந்த வேலை அடுத்து ஏதாவது எழுதப்படும்வரை காத்திருக்கிறது. சிவப்புக்கு மட்டும் நடுராத்திரியில் போன் அடிக்க வையுங்கள்.

ஆனால் இத்தனையும் பச்சையாக இருக்கும்போதே எங்கள் ஏஜென்ட் எல்லாவற்றையும் மறந்தது. சர்வர் மாற்றும்போது தரவு இருக்கிற சேமிப்பு வால்யூமை இணைக்க விட்டுவிட்டோம். கன்டெய்னர் காலியாகக் கிளம்பியது. கலெக்‌ஷன் இல்லாவிட்டால் உருவாக்கிக்கொள் என்று எங்கள் கோடில் ஒரு வரி இருந்தது, அது சமர்த்தாகப் புதிதாக ஒன்றை உருவாக்கிவிட்டது. ரெடிஇசட் 200 (எல்லாம் சரி), நிறம் பச்சை, எந்த அலாரமும் அடிக்கவில்லை. மூன்று வருட வாடிக்கையாளர் ஒரு அம்மாவிடம் ஏஜென்ட் முதல் தடவை பேசுவது போலப் பேசியது. அவர் வேர்க்கடலை விஷயத்தைத் தானாகவே மறுபடி சொன்னதால் அன்றைக்குத் தப்பித்தோம். இப்போது அந்த வரியை எடுத்தாயிற்று, பாயின்ட் (சேமித்த நினைவு) எண்ணிக்கை திடீரென்று சரிந்தால் அலாரமும் உண்டு.

அப்புறம் எண்ணிக்கையும் காப்பாற்றாத ஒரு இடம் இருக்கிறது. வாக்கியத்தை எண்வரிசையாக்கும் எம்பெடிங் மாடலை மாற்றும்போது அந்த வரிசையின் அளவு வேறாக இருந்தால், 1536க்குப் பதில் 768 என்று வைத்துக்கொள்ளுங்கள், குவாட்ரன்ட் முகத்திலடித்தாற்போல் பிழை சொல்லிவிடும், நல்லது. ஆனால் ஓப்பன்ஏஐயின் பழைய அடா-002, 2024 ஜனவரியில் வந்த எம்பெடிங்-3-ஸ்மால் இரண்டுமே 1536தான். பழைய நினைவுகளை அப்படியே விட்டுவிட்டு மாடலை மட்டும் மாற்றினால் பிழையே வராது. தேடல் ஓடும், பதில் வரும், அந்தப் பதிலுக்கும் கேள்விக்கும் சம்பந்தம் இருக்காது. இது டேட்டாபேஸின் குறை இல்லை. அதற்குக் கிடைப்பது வெறும் எண்கள், எந்த மாடல் தந்தது என்று அதற்குத் தெரிய வழியில்லை.

இதைப் பிடிக்க, 5 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சோதனை நினைவை எழுதித் தேடிப் பார்த்து அழிக்கிறோம். எழுதும்போது வெயிட் என்பதை ட்ரூ என்று வையுங்கள், இல்லாவிட்டால் வாங்கிக்கொண்டேன் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடும், எழுதி முடித்திருக்காது. இதோடு நிறுத்தினால் போதாது. புது மாடலில் எழுதி அதே புது மாடலில் தேடினால் கண்டிப்பாகக் கிடைக்கும், மாடல் கலந்துவிட்டது கடைசிவரை தெரியாது. ஆகவே பல மாதத்துக்கு முன்னால் எழுதிய பத்து நினைவுகளைத் தனி யூசர் ஐடியில் தொடாமல் வைத்திருக்கிறோம். அந்தப் பத்தும் அதனதன் கேள்விக்கு முதலிடத்தில் வர வேண்டும், எவ்வளவு பொருந்துகிறது என்ற ஸ்கோரும் பழைய அளவை ஒட்டி இருக்க வேண்டும். எல்லாம் நிஜ வாடிக்கையாளர்கள் பேசுவது மாதிரியே தமிழும் ஆங்கிலமும் கலந்த வரிகள்.

குவாட்ரன்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதன் ஹெல்த் செக் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, நினைவைச் சோதிக்கிற வேலையை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும், ஒரு நாள் வேலை. எங்களிடம் அந்தப் பத்தில் ஒன்று தவறினால்கூட ஏஜென்ட் தன் நினைவை நம்புவதை நிறுத்திவிட்டு, ஒத்துக்கொள்ளாத பண்டம் ஏதாவது உண்டா என்று ஒவ்வொருவரிடமும் புதிதாகக் கேட்க ஆரம்பித்துவிடும்.