"அப்படியே உட்காரும் சார்": ஜென்னில் ஏற்றிய எஸ்டீம் எஞ்சின், எச்சரிக்கை

மாருதியின் சின்ன காரான ஜென்னில், அதே கம்பெனியின் பெரிய காரான எஸ்டீமின் 1.3 லிட்டர் எஞ்சினை ஏற்றித் தருகிறோம் என்று கிளம்பும் வொர்க்‌ஷாப்புகளின் பேச்சு எங்கும் ஒன்றுதான். "ஒரே குடும்பத்து எஞ்சின் சார், அப்படியே உட்காரும். நாலு நாள் வேலை. ஆர்.சி.யையும் நாங்களே மாத்திக் கொடுத்துடுவோம்." கோவைப் பக்கம் இப்படி வேலை முடித்து வந்த ஒரு கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் பழைய முறை) ஜென்னைத் தூக்கி நிறுத்திப் பார்த்ததில் தெரிந்தவற்றை எழுதுகிறோம். பேசிய தொகை 75 ஆயிரம், கைமாறியது ஒரு லட்சத்து நாற்பதாயிரம். நாலு நாள் வேலை ஏழு வாரம் இழுத்தது. கடையின் பெயர் வேண்டாம். கேட்க வேண்டிய கேள்விகள் எந்தக் கடைக்கும் பொருந்தும்.

எஞ்சின் உட்காரும் என்பதில் பொய் இல்லை. ஜென்னின் 993 சிசி, எஸ்டீமின் 1298 சிசி இரண்டுமே சுசூகியின் ஜி வரிசை அலுமினிய எஞ்சின்கள். கியர்பாக்ஸோடு சேரும் முகம் ஒத்துப்போகும். 50 பிஎச்பி இருந்த இடத்தில் 85 பிஎச்பி வரும் என்றால் யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் கொட்டேஷனில் எழுதியிருந்தது எஞ்சினும் கூலியும் மட்டும். காசு கரைவது எஞ்சினைச் சுற்றியுள்ள சாமான்களில்.

முதலில் பெட்ரோல் லைன். இதில்தான் உயிர்ப் பயம். கார்புரேட்டர் ஜென்னில் கேம்ஷாஃப்ட் ஓட்டும் சின்ன பம்ப், அழுத்தம் சொற்பம். எஸ்டீமின் எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைத் தனித்தனியாகப் பீய்ச்சும்) எஞ்சினுக்குச் சதுர செ.மீ.க்கு இரண்டரை முதல் மூன்று கிலோ அழுத்தம் வேண்டும். அதற்கு டேங்குக்குள் மின்பம்ப், பம்பைச் சுற்றி பெட்ரோல் தேங்கி நிற்க ஒரு கிண்ணம், அழுத்தம் தாங்கும் இன்ஜெக்‌ஷன் ஹோஸ், அதற்கேற்ற கிளாம்ப் எல்லாம் வேண்டும். இந்த வண்டியில் பின் சீட்டுக்கு அடியில் ஒரு வெளிப்பம்பைக் கட்டிவிட்டு, பழைய ஹோஸையே விட்டிருந்தார்கள், தோட்டத்துப் பைப்புக்குப் போடும் திருகு கிளிப்போடு. டேங்க் கால்வாசிக்கு இறங்கியதும் வளைவில் எஞ்சின் விக்கும், பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுப்பதால். அதையாவது பொறுக்கலாம். எக்ஸாஸ்ட் பக்கம் போகும் ஹோஸ் முனையில் விரல் வைத்தால் பெட்ரோல் ஈரம்.

வயரிங் அடுத்தது. எஞ்சினைக் கொடுத்த டோனர் வண்டியிலிருந்து ஹார்னஸை (வயர்க் கட்டை) முழுசாகக் கழற்றி எடுக்காமல் வெட்டி எடுத்திருந்தார்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் இருபதுக்கு மேல், ஒன்றில்கூட சால்டர் இல்லை. பழைய ஜென்னின் ஸ்பீடோமீட்டர் கேபிளில் ஓடுவது. எஸ்டீமின் இசியு (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) வேக சென்சாரின் சிக்னலை எதிர்பார்க்கும். அது கிடைக்காவிட்டால் டிராஃபிக் சிக்னலில் நிற்கப்போகும்போது ஐடிலிங் சரிந்து எஞ்சின் அணையும். "ஓட ஓட சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள், ஆகாது. மீட்டரில் செக் எஞ்சின் விளக்கும் வைக்கவில்லை. கோளாறைச் சொல்ல வண்டிக்கு வாயே இல்லை.

பழைய ரேடியேட்டரே இருந்ததால் நெரிசலில் சூடு ஏறியது. அலுமினிய ஹெட்டை இரண்டு முறை கொதிக்கவிட்டால் வளைந்து கேஸ்கெட் போகும். கிளட்ச் ஜென்னுடையதே, நாலாவது கியரில் அழுத்தினால் வழுக்கல். சக்கரத்துக்குச் சக்தியைக் கடத்தும் டிரைவ்‌ஷாஃப்ட்டைச் சோதிக்க வண்டியை லிஃப்ட்டில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எங்காவது இடறினால் நீளம் தப்பு. பிரேக்கை அவர்கள் தொடவே இல்லை. 100-க்குப் பதில் 120-ல் போனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 44 சதவீதம் கூடுகிறது, டிஸ்க் அதே டிஸ்க்.

"ரீகண்டிஷன்" என்று சொன்ன எஞ்சினைக் கழுவி வெள்ளி பெயின்ட் அடித்ததோடு சரி. வாங்கும் முன்பே கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம்) பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையே ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த எஞ்சின் வேண்டாம். டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் எஞ்சின் வெளியே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள், கூலி மிச்சம்.

இனி ஆர்.சி. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, உற்பத்தியாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பிரிவு 182ஏ-ன் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே மாடல், அதே சிசி எஞ்சினை ஆர்டிஓ அனுமதியோடு மாற்றலாம். 993-ஐ 1298 ஆக்கித் தர எந்த வொர்க்‌ஷாப்பாலும் முடியாது. அப்படியென்றால் "மாத்திக் கொடுத்தது" என்ன? பிளாக்கில் எண் அடித்திருக்கும் இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரிந்தது: கிரைண்டர் ஓடிய கோடுகள், அதன்மேல் ஜென்னின் பழைய எண், ஒரு இலக்கம் ஆழமாக, அடுத்தது சாய்ந்து. இது எண் திருத்தம், குற்றம். அடியில் இருந்த எண் திருட்டு வண்டியுடையதா என்பதை இனி யாரும் படிக்க முடியாது. மாட்டிக்கொள்வது வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான்.

இன்சூரன்ஸில் தேர்ட் பார்ட்டி பிரீமியத்துக்கு 1000 சிசி ஒரு எல்லை. இந்த எஞ்சின் அதைத் தாண்டுகிறது, கட்டியதோ கீழ்ப்படி பிரீமியம். விபத்துக்குப் பிறகு சர்வேயர் முதலில் பார்ப்பது சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும்.

கையில் இருந்த பில்லில் "எஞ்சின் வேலை" என்று ஒரே வரி. ஜிஎஸ்டி எண் இல்லை, சாமான் பட்டியல் இல்லை, வாங்கிய எஞ்சினின் எண்ணும் இல்லை. கழற்றிய 993 எஞ்சின் எங்கே என்று கேட்டதற்கு, பழைய இரும்புக்குப் போட்டாச்சாம். வண்டியைப் பழையபடி ஆக்கலாம் என்றால், ஆர்.சி.யில் இருக்கும் எண் அந்த பிளாக்கில்தான் இருந்தது.