ரஃபி மார்க்கா, நொய்டாவா, லண்டனா? டெல்லியில் இதழியல் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு எது முதலில்

டெல்லியில் இதழியல் பட்டம் முடிக்கப்போகும் தமிழ்ப் பிள்ளைக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. ஆங்கிலச் செய்தி நிறுவனம், நொய்டா டிவி, ரஃபி மார்க்கில் இருக்கும் தமிழ்ப் பத்திரிகையின் டெல்லி பியூரோ (கிளை அலுவலகம்), இல்லையென்றால் நேரே வெளிநாடு. தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் மயூர் விஹாரிலும் ஆர்.கே. புரத்திலும் இந்தப் பேச்சு எடுத்தாலே நான்காவதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. நான் மூன்றாவதில் தொடங்கச் சொல்வேன். வெளிநாடு வேண்டாம் என்பதற்காக அல்ல, அங்கே செலவில்லாமல் போகும் வழி இதன் வழியாகத்தான் இருக்கிறது என்பதற்காக.

முதலில் ஆங்கில அலுவலகங்கள். சன்சத் மார்க்கில் பி.டி.ஐ. செய்தி ஏஜென்சி, பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் நாளிதழ்கள். ஏஜென்சி டெஸ்க்கில் உட்கார்ந்தால் கை வேகம் வரும். முதல் பத்தியிலேயே யார், என்ன, எங்கே என்பது வந்துவிட வேண்டும் என்ற ஒழுங்கு ரத்தத்தில் ஊறும். ஆனால் ஐ.ஐ.எம்.சி., ஜாமியா, லேடி ஸ்ரீராம் என்று இதழியல் படிக்கிற நகரமே இந்த நாற்காலிகளுக்கு வரிசையில் நிற்கிறது. இடம் கிடைத்தாலும் பெரிய அலுவலகத்தில் செய்திக்கு மேலே இன்டர்ன் பெயர், அதாவது பைலைன், வருவது அபூர்வம். ரெஸ்யூமேயில் பெயர் மின்னும், காட்டுவதற்குக் கையில் காப்பி, அதாவது எழுதி வெளிவந்த செய்தி, இருக்காது.

நொய்டா செக்டார் 16ஏ ஃபிலிம் சிட்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேமராவுக்கு முன்னால் நிற்க ஆசைப்பட்டுப் போகிறவர்கள் விருந்தினருக்கு போன் போடுவதும், பேட்டித் துணுக்கை (பைட்) கேட்டு நேரம் குறித்துக் கொடுப்பதுமாக மாதத்தைக் கழிக்கிறார்கள். வேலை பெரும்பாலும் இந்தியில். இந்தி டைப்பிங் சரளமாக வரும், எடிட்டிங்கும் ஓரளவு தெரியும் என்றால் போகலாம். ப்ளூ லைனில் மயூர் விஹாரிலிருந்து பக்கம்தான். இரவு ஷிஃப்ட் என்றால் வீட்டில் இறக்கிவிட வண்டி உண்டா என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சரி, தமிழ் பியூரோ. ரஃபி மார்க் ஐ.என்.எஸ். (இந்தியச் செய்தித்தாள் சங்கம்) கட்டடத்தில்தான் மாநிலப் பத்திரிகைகள் பலவற்றின் டெல்லி அலுவலகங்கள் இருக்கின்றன. அறை சிறியது, ஆள் இரண்டு மூன்று பேர். இன்டர்னுக்கு நாடாளுமன்ற பாஸ் கிடைக்காது, மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் (பி.ஐ.பி.) தரும் அங்கீகார அட்டைக்கே ஐந்து வருட அனுபவம் வேண்டும். அப்புறம் அங்கே போய் என்ன செய்வது?

நிறைய செய்யலாம். மக்களவையில் கூட்டத்தொடர் நாட்களில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 வரை நட்சத்திரமிடாத கேள்விகள் வரும். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்வதை எல்லா சேனலும் காட்டும். மற்றவற்றுக்கு எழுத்தில் பதில். கேள்வி நேரம் முடிந்த பிறகு அவை பி.டி.எஃப்.களாக இணையதளத்தில் ஏறும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தமிழ்நாட்டின் 39 எம்.பி.க்கள் கேட்டவை அதில் எங்கெங்கோ கிடக்கும்: மதுரை எய்ம்ஸ் எப்போது முடியும், இலங்கை பிடித்துவைத்த படகுகள் எத்தனை, ஒரு ரயில் பாதைக்கு ஒதுக்கிய பணத்தில் செலவானது எவ்வளவு. பதிலின் கடைசியில் இணைப்பாக ஓர் அட்டவணை இருக்கும். செய்தி பெரும்பாலும் அங்கேதான். போன கூட்டத்தொடரில் இதே கேள்விக்குச் சொன்ன பதிலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடிக்கும் தேதி தள்ளிப்போயிருந்தால் உங்கள் முதல் பைலைன் தயார். பியூரோ சீஃப் அந்நேரம் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்து விஜய் சௌக்கில் எம்.பி.க்களைத் துரத்திக்கொண்டிருப்பார், இதைப் படிக்க அவருக்கு நேரம் இருக்காது. உச்ச நீதிமன்றத்தின் வழக்குப் பட்டியலும் அப்படித்தான். முந்தைய நாளே வந்துவிடும். தமிழ்நாடு அரசு என்று தேடினால் அடுத்த நாளின் பாதி வேலை தெரிந்துவிடும்.

2017-ல் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் மண்டை ஓடுகளோடு ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தது நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் தமிழ் தெரிந்த நிருபர் கேட்கிற கேள்வி வேறு, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி வேறு. டெல்லித் தமிழ்ப் பிள்ளையின் சொத்து இதுதான். அதை ஆங்கில டெஸ்க்கில் போய்ப் பூட்டிவைப்பானேன்?

குறை இல்லாமல் இல்லை. உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. கொடுக்கும் பணம் மெட்ரோ செலவுக்கே போதாமல் போகலாம். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை பேசும் தமிழ் சரி, எழுதும் தமிழ் இடறும். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் (டி.டி.இ.ஏ.) ஏழு பள்ளிகளில் ஒன்றில் தமிழ் படித்தவர்கள் இங்கே ஒரு படி முன்னால் இருப்பார்கள். மற்றவர்கள் தினமும் ஒரு தமிழ் நாளிதழை வரி விடாமல் படிக்க வேண்டும், வேறு வழியில்லை.

இனி வெளிநாடு. கொலம்பியா இதழியல் பள்ளியின் எம்.எஸ். சுமார் பத்து மாதப் படிப்பு. கட்டணமும் நியூயார்க் வாடகையும் சேர்ந்தால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். அதன் பிறகு மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதி (ஓ.பி.டி.) 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பப் பாடங்களுக்குத் தரும் கூடுதல் 24 மாதம் வழக்கமான இதழியல் பட்டத்துக்குக் கிடையாது. கம்ப்யூட்டர் படிக்கப் போன பெரியப்பா மகனின் கணக்கை அப்படியே இங்கே போட்டுக் கடன் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

பிரிட்டனில் முதுகலை ஒரே வருடம். கட்டணம் பல இடங்களில் 20,000 பவுண்டுக்கு மேல். படித்த பின் தங்கி வேலை தேடும் விசா இரண்டு வருடம். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். லண்டன் என்றதும் நம்மவர்களுக்கு பிபிசி தமிழ் ஞாபகம் வரும். 1941-ல் அங்கே பிறந்த சேவைதான், ஆனால் 2024 முதல் அதைத் தயாரிப்பது கலெக்டிவ் நியூஸ்ரூம் என்ற இந்திய நிறுவனம். அதில் சேர லண்டன் பட்டம் தேவையில்லை. பிரிட்டன் அரசே முழுச் செலவையும் ஏற்கும் செவனிங் உதவித்தொகை இருக்கிறது. அதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறார்கள், படித்து முடித்ததும் இரண்டு வருடம் ஊரில் இருக்க வேண்டும். இன்டர்ன்ஷிப்பும் அந்த 2,800 மணிக் கணக்கில் சேரும். கல்லூரிப் பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதியாகச் செய்தது மட்டும் சேராது.

என்னைக் கேட்டால் ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் எராஸ்முஸ் முண்டுஸ் இதழியல் முதுகலைதான் நடுத்தரக் குடும்பத்துக்குச் சரியான குறி. இரண்டு வருடம். முதல் வருடம் டென்மார்க்கின் ஆர்ஹஸில், அடுத்தது ஆம்ஸ்டர்டாம், பிராக் போன்ற வேறொரு நகரத்தில். உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ கையில். போட்டி கடுமை, உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். ஜெர்மனியில் பான் நகரத்து டி.டபிள்யூ. (அந்நாட்டின் சர்வதேச ஒலிபரப்பு நிறுவனம்) அகாடமியின் முதுகலையும் நல்லது, ஆனால் ஊடக அனுபவம் ஒரு வருடமாவது கேட்கும். ஜெர்மன் மாணவர் விசாவுக்கு மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் 11,904 யூரோ காட்ட வேண்டும், நம் பட்டத்தைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வேண்டும். டி.டபிள்யூ.வுக்குத் தமிழ்ப் பிரிவும் இருப்பதால் தமிழில் எழுதியது அங்கே வீணாகாது. 

இவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது கைகொடுப்பது வேலை அனுபவமும் அச்சில் வந்த காப்பியும்தான். தமிழில் வந்ததென்றால் நீங்களே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மூலத்தின் இணைப்போடு வைக்கலாம். செவனிங் வழக்கமாக ஆகஸ்ட்டில் திறந்து அக்டோபர் வாக்கில் மூடும், எராஸ்முஸ் ஜனவரியை ஒட்டி. மழைக்காலக் கூட்டத்தொடர் பெரும்பாலும் ஜூலை மூன்றாம் வாரம் தொடங்குகிறது. பியூரோவில் காலி மேசை ஒன்றோ இரண்டோதான் இருக்கும் என்பதால் மே மாதமே ரஃபி மார்க்குக்கு நேரில் போய்க் கேட்டுவிடுவது நல்லது. ஈமெயிலுக்கு அங்கே பதில் வருவது கஷ்டம்.