லா ஸ்கூல் அட்மிஷனுக்கு பாட்காஸ்ட்: எட்டு மாதம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்

நியூஜெர்சியின் எடிசன் ஊரிலிருந்து நியூயார்க் பென் ஸ்டேஷனுக்கு ரயிலில் கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம். போகும்போது ஒரு எபிசோட், வரும்போது ஒரு எபிசோட். இன்சூரன்ஸ் சாஃப்ட்வேரை டெஸ்ட் செய்கிற வேலையை விடாமல், முப்பத்தேழு வயதில் சட்டம் படிப்பது என்று முடிவெடுத்தபோது முதலில் ஓர் அட்மிஷன் ஆலோசகரிடம் விலை கேட்டேன். அவர் சொன்ன தொகைக்குக் குடும்பத்தோடு ஊருக்கே போய் வரலாம். சரி, ஓசியில் கிடைப்பதைக் கேட்போம் என்று பாட்காஸ்ட் பக்கம் வந்தேன்.

முதலில் கேட்டது ‘நேவிகேட்டிங் லா ஸ்கூல் அட்மிஷன்ஸ்’. யேலின் மிரியம் இங்பரும் ஹார்வர்டின் கிறிஸ்டி ஜாப்சனும் சேர்ந்து தொடங்கியது. இருவருமே அங்கே அட்மிஷனைப் பார்த்துக்கொண்ட டீன்கள். அந்த இரண்டு இடங்களுக்கும் நான் விண்ணப்பிக்கவே போவதில்லை. எனக்கு வேண்டியது நியூஜெர்சியில் ஒரு பகுதிநேர இடம். ஆனாலும் ஃபைலைப் பிரித்து வாசிக்கிறவர்களே ரெசுமே, பரிந்துரைக் கடிதம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவதைக் கேட்டபோது பாதி பயம் போய்விட்டது. எதிரே இருப்பவர் குறுக்கு விசாரணை செய்கிற வக்கீல் இல்லை, நாள் முழுக்க வாசித்துக் களைத்த ஒரு மனுஷி என்று புரிந்தது. இரண்டு வருட வேலை இடைவெளிக்கு நான் எழுதி வைத்திருந்த ஒன்றரைப் பக்க விளக்கத்தை ஆறு வரியாக வெட்டினேன்.

‘திங்கிங் எல்சாட்’ வேறு ரகம். எல்சாட் என்பது லா ஸ்கூல் நுழைவுத் தேர்வு. பென் ஓல்சன், நேத்தன் ஃபாக்ஸ் இருவரும் பேசுகிறார்கள். வாயில் காரம் அதிகம், பிள்ளைகள் காரில் இருக்கும்போது போடாதீர்கள். நேயர்கள் அனுப்பும் பர்சனல் ஸ்டேட்மென்ட்டை, அதாவது விண்ணப்பத்தோடு வைக்கும் சுயவிளக்கக் கட்டுரையை, உரக்க வாசிப்பார்கள். எங்கே சொதப்புகிறதோ அங்கே மணி அடித்து நிறுத்திவிடுவார்கள். மெட்ரோபார்க் தாண்டும்போது அதைக் கேட்டேன். என் வரைவின் முதல் வரி, ‘சிறு வயதிலிருந்தே நீதியின் மீது எனக்குத் தீராத ஆர்வம்’. ராவே ஸ்டேஷன் வருவதற்குள் என் தலைக்குள்ளேயே மணி அடித்துவிட்டது. அன்றிரவே அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாலிசியின் பதினான்காம் பக்கத்தில் ‘அல்லது’ என்று இருந்ததை எங்கள் சாஃப்ட்வேர் கோடில் ‘மற்றும்’ என்று எழுதி வைத்திருந்த கதையில் ஆரம்பித்தேன். அந்த ஒரு சொல்லால் நியாயமான கிளெய்ம்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன, கண்டுபிடித்தது நான். இத்தனை நாளாக அதை வெறும் ‘பக்’, ஒரு சாஃப்ட்வேர் பிழை என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர்கள் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: லா ஸ்கூலுக்குக் காசு கொடுக்காதே. முதலில் பெருமைப் பேச்சு என்று நினைத்தேன். அப்புறம் 509 ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தேன். அமெரிக்கன் பார் அசோசியேஷன் விதிப்படி ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டிய கணக்கு அது. எல்சாட் மதிப்பெண்ணின் நடுப்புள்ளி எது, எத்தனை பேருக்கு ஸ்காலர்ஷிப், எவ்வளவு, எல்லாம் இருக்கும். நடுப்புள்ளியைத் தாண்டியவரை இழுக்கக் கல்லூரி கட்டணத்தைக் குறைக்கிறது. அந்தச் சலுகை கிடைக்காதவர்கள் முழுசாகக் கட்டுகிறார்கள். ஒரு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும்: இவர்களே ‘எல்சாட் டீமன்’ என்ற பயிற்சியையும் நடத்துகிறார்கள். அதை மறைப்பதில்லைதான். ஆனாலும் ‘இன்னொரு தடவை பரீட்சை எழுது’ என்று சொல்லும்போது அந்தக் கடையும் என் ஞாபகத்துக்கு வரும்.

இனி குறைகள். பாட்காஸ்டில் பழையது அழிவதில்லை. வேறொரு நிகழ்ச்சியின் 2022 எபிசோடைக் கேட்டுவிட்டு எல்சாட்டின் ‘லாஜிக் கேம்ஸ்’ என்ற புதிர்ப் பகுதிக்கான புத்தகம் ஒன்றை வாங்கி மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்தப் பகுதியை 2024 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டார்களாம்! இப்போது தர்க்கக் கேள்விகள் இரண்டு பகுதி, வாசிப்பு ஒரு பகுதி, மார்க்கில் சேராத சோதனைப் பகுதி ஒன்று. தேதியைப் பார்க்காமல் கேட்டது என் தப்புதான். புத்தகம் வீணாகவில்லை, மகன் அதில் புதிர் போடுகிறான்.

பெரிய குறை வேறு. நான் கேட்டதெல்லாம் அமெரிக்காவிலேயே பி.ஏ. முடித்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை மனதில் வைத்துப் பேசியவை. மணிக்கணக்கில் ஜிபிஏ, ஜிபிஏ, அதாவது கல்லூரி மதிப்பெண்களின் சராசரி. நம்மைப் போல இந்தியாவில் டிகிரி முடித்தவருக்கு, எல்சாட்டை நடத்துகிற எல்சாக் அமைப்பு அந்த எண்ணையே போடுவதில்லை. ‘சராசரிக்கு மேல்’ என்பது போல ஒரு மதிப்பீடுதான் ரிப்போர்ட்டில் வரும். கல்லூரியின் ஜிபிஏ கணக்கில் நாம் சேரவே மாட்டோம். அதாவது, எண் என்று நம்மிடம் இருப்பது எல்சாட் ஒன்றுதான். இதை எந்த எபிசோடும் எனக்குச் சொல்லவில்லை. எல்சாக்கின் தளத்தில் வெளிநாட்டு டிரான்ஸ்கிரிப்ட் (கல்லூரி மதிப்பெண் பட்டியல்) பற்றிய பக்கத்தை ராத்திரி உட்கார்ந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதனால் என் யோசனை: பர்சனல் ஸ்டேட்மென்ட்டுக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் பாட்காஸ்ட் கேளுங்கள், ஐந்துக்கு நாலு மார்க் தாராளமாகக் கொடுப்பேன். காகிதவேலைக்கு நம்பாதீர்கள், ஒன்றரை கூட அதிகம்.

ஒரு நிகழ்ச்சியில் டிரான்ஸ்கிரிப்ட் வர இரண்டு வாரம் போதும் என்றார்கள். நான் படித்த இடத்தில் விண்ணப்பம் போட்டு மூன்று மாதம் ஆகிறது. அந்தக் கல்வி நிறுவனமே சீல் வைத்து எல்சாக்குக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். மூன்றாவது தடவை போய் வந்த தம்பி போனில் கேட்டான்: “அக்கா, அந்தக் கவுன்ட்டர் என்னைக்குத் திறக்கும்னு உன் பாட்காஸ்ட்ல சொல்றாங்களா?”