பச்சைப் பிசுக்கு பிடித்த வெள்ளி ரூபாய்: எண்ணெயா, டிப்பா, அசிட்டோனா?

தாத்தா விட்டுப்போன வெள்ளி ரூபாய்களைப் பத்து வருஷத்துக்கு முன்னால் நான்தான் ஆல்பத்தில் அடுக்கினேன். புது ரெக்சின் பை மாதிரி வாசம் அடித்த, விரலுக்கு வழவழவென்று வளைந்த பிளாஸ்டிக் பைகள். கிருஷ்ணகிரி வெயிலுக்கு எங்கள் வீட்டு இரும்பு பீரோ பகலெல்லாம் கொதிக்கும். போன சித்திரையில் ஆல்பத்தைப் பிரித்தால், 1911ஆம் வருஷத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் பையோடு ஒட்டிக்கொண்டு வரவே மறுத்தது. எடுத்துப் பார்த்தால் அரசரின் அங்கியில் இருக்கும் யானைமேல் பச்சையாகப் பிசுக்கு. அந்த யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று முஸ்லிம்கள் ஆட்சேபித்ததால், அடுத்த வருஷமே அச்சை மாற்றினார்கள். அந்தச் சின்ன உருவத்துக்காகவே இந்தக் காசைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு.

பைகள் பிவிசி என்ற பிளாஸ்டிக். அதை வளையவைக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் சூட்டில் நாள்பட நாள்படக் கசியும். பிவிசி சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வெளிவரும். வெள்ளிக் காசில் பச்சை எப்படி வரும் என்று கேட்கலாம். அந்த ரூபாயின் எடை 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்குதான் வெள்ளி, மீதி ஒரு பங்கு செம்பு. அமிலம் பிடிப்பது அந்தச் செம்பை. அதனால் காசை வேறு பைக்கு மாற்றிவிட்டு அப்படியே விட்டுவிட முடியாது. மேலே ஒட்டியிருப்பது அங்கேயே இருந்து தின்றுகொண்டிருக்கும்.

புளி, எலுமிச்சை, பித்தளை தேய்க்கும் பொடி எல்லாம் குத்துவிளக்குக்கு. காசுக்கு வேண்டாம். நான் கடைசியில் நம்பியது அசிட்டோன் என்ற கரைப்பானை. நகப்பூச்சு அழிக்கும் திரவத்திலும் அது இருக்கிறதே என்பார்கள். அதோடு வாசனையும் எண்ணெயும் சாயமும் சேர்ந்திருக்கும். ஒரு படலத்தை எடுத்து இன்னொன்றைப் பூசுவானேன்?

எண்ணெயில் ஊறப்போடுவது பழைய முறை. ஒரு சாதாரண ரூபாயை மூன்று வாரம் ஆலிவ் எண்ணெயில் போட்டுப் பார்த்தேன். பிசுக்கு இளகியது, முழுசாகப் போகவில்லை. அப்புறம் அந்த எண்ணெயை எடுப்பதே தனி வேலையாகிவிட்டது. மண்ணில் கிடந்து இறுகிய களிம்புள்ள செப்புக் காசுக்கு அது உதவலாம். பிளாஸ்டிக் பிசுக்குக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வெள்ளி டிப் என்பது கறுப்புப் போகக் காசை முக்கி எடுக்கும் திரவம். அதன் கதை வேறு. அதில் தயோயூரியா என்ற வேதிப்பொருளும் அமிலமும் இருக்கும். முக்கி எடுத்த பத்தாவது நொடியில் காசு பளபளக்கும், மனசு குளிர்ந்துவிடும். 1918 ரூபாய் ஒன்றை அப்படி முக்கினேன். பிறகு பெங்களூருவில் ஒரு வியாபாரியிடம் காட்டினேன். அவர் அதன் விளிம்பைப் பிடித்து, டியூப்லைட்டுக்குக் கீழே மெதுவாகச் சாய்த்துப் பார்த்தார். அச்சிலிருந்து வந்த மேனி கெடாத காசென்றால், சாய்க்கும்போது வெளிச்சம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி சுழன்று வரும். என் காசில் வெளிச்சம் நின்ற இடத்திலேயே நின்றது. “டிப் போட்டிருக்கீங்க சார். எடைக்குன்னா எடுத்துக்கறேன்” என்றார்.

எனக்கு எல்லாம் இந்த ஒரு இடத்தில்தான் முடிவாகிறது. கறுப்பு என்று நாம் சொல்வது வெள்ளியின் மேல்தோலே கந்தகத்தோடு சேர்ந்து மாறியது. டிப் அந்தத் தோலைக் கரைத்து எடுக்கிறது. வெளிச்சத்தைச் சுழற்றும் நுண்ணிய கோடுகளும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. போனால் போனதுதான், திரும்ப வராது. அசிட்டோன் உலோகத்தைத் தொடுவதில்லை. வெள்ளியின் கறுப்பையும் வானவில் நிறத்தையும்கூட அப்படியே விட்டுவிடும். கரைப்பது பிசுக்கை மட்டும். விற்கப்போகும் நாளில் சாய்த்துப் பார்க்கிறவர் தேடுவது, அது தொடாமல் விட்டதைத்தான்.

சுத்தமான அசிட்டோன் தருமபுரியில், கல்லூரி ஆய்வகங்களுக்குப் பொருள் கொடுக்கும் கடையில் கிடைத்தது. பாத்திரம் கண்ணாடியாக இருக்கட்டும், பல பிளாஸ்டிக்குகள் அதில் கரைந்துவிடும். 56 டிகிரியில் கொதிக்கிற திரவம் அது, ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். நான் மொட்டைமாடியில் நிழலில் உட்கார்ந்து செய்தேன். அடுப்போ விளக்கோ அருகில் கூடாது.

ஜார்ஜ் ரூபாயைப் போட்டு மூடிவைத்தேன். அரைமணி கழித்துப் பார்த்தால், யானையின் காலடியிலிருந்து பச்சை ஒரு மெல்லிய நூல்போலப் பிரிந்து அடியில் படிந்திருந்தது. தேய்க்கவில்லை. பருத்தித் துணிகூடக் கோடு போட்டுவிடும். பழையதைக் கொட்டிப் புதிது ஊற்றினேன். இதைச் சோம்பலில் விட்டுவிடக் கூடாது. அதே திரவம் காசிலேயே காய்ந்தால், கரைந்த பிசுக்கு முழுக்கப் பரவி மெல்லிய படலமாகப் படியும். எப்போது நிறுத்துவது என்று தெரிய, ஒரு சொட்டை எடுத்துச் சுத்தமான கண்ணாடியில் விட்டுக் காயவிட்டேன். முதல் தடவை வட்டமாக ஒட்டும் தடம் இருந்தது, இரண்டாவதில் மங்கியது, நான்காவதில் ஒன்றுமில்லை. பிறகு காய்ச்சி வடித்த நீரில் அலசி, துணிமேல் ஒற்றிக் காயவைத்தேன்.

பிசுக்கு போன பிறகு யானையின் முதுகில் ஊசிமுனை அளவுக்கு இரண்டு குழி தெரிந்தது. அமிலம் ஏற்கெனவே தின்ற இடம். அதை எந்தத் திரவமும் நிரப்பாது. மூன்று வருஷம் முன்பே ஆல்பத்தைத் திறந்திருந்தால் அந்தக் குழிகள் விழாமல் இருந்திருக்குமோ என்று இன்றும் தோன்றுகிறது.

வெள்ளியில் பத்தொன்பது காசு செய்துவிட்டேன், அதைப்பற்றித் தயக்கமில்லாமல் சொல்வேன். செம்பில் செய்தது நான்கே நான்கு, எல்லாம் காலணா. மூன்று நன்றாக வந்தன. ஒன்றில் நிறம் லேசாக மாறியதுபோல் பட்டது. பிசுக்குக்கு அடியில் முதலிலிருந்தே இருந்த நிறமா, அசிட்டோன் செய்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இப்போது காசுகள் மைலார் என்ற பாலியெஸ்டர் தாளில் சன்னல் வைத்த அட்டை ஹோல்டர்களில் இருக்கின்றன. ஸ்டேப்ளர் முள்ளை இடுக்கியால் தட்டையாக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும். வாங்கிய பிளாஸ்டிக் பிவிசியா என்று சந்தேகம் வந்தால், செப்புக் கம்பியைக் காய்ச்சி அதில் தொட்டு மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் அந்தப் பிளாஸ்டிக் வேண்டாம். அசிட்டோன் பக்கத்தில் இல்லாதபோது, திறந்த வெளியில் செய்ய வேண்டிய சோதனை இது. பீரோவை விட்டு, வெயில் படாத உள்ளறை மர அலமாரிக்கு எல்லாவற்றையும் மாற்றினேன்.

அதே ஆல்பத்தில் திப்பு சுல்தானின் யானை போட்ட செப்புக் காசுகளும் இரண்டு உண்டு. 1792 வரை பாராமகால் என்ற எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் திப்புவின் கையில் இருந்ததால் இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் அவை இன்னும் அகப்படும். இருநூறு வருஷத்துக்கு மேல் ஏறிய காவி மேனிதான் அவற்றின் மதிப்பு. பையிலிருந்து எடுத்து ஹோல்டருக்கு மாற்றிவிட்டேன். ஓரத்தில் பச்சை ஒட்டுகிறது. செம்பில் இன்னும் சில மலிவான காலணாக்களைச் செய்து பார்த்துவிட்டு, கை தேறிய பிறகுதான் அவற்றை எடுப்பேன்.