பின்னால் நகர இடம் தராத 50 மி.மீ.: ஏழு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

சென்ற வாரம், ஜூம் இல்லாத என் 50 மி.மீ. எஃப் 1.8 கேமரா லென்ஸ் பழுதுபார்ப்பு முடிந்து கைக்கு வந்தது. அதே நாளில் அலுவலக நண்பர் ஒருவர், தமக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, வீட்டில் படம் எடுக்க இந்த லென்ஸை வாங்கலாமா என்று கேட்டார். அவரிடம் இருப்பவை, என்னுடையது போலவே சிறிய சென்சார் (படம் பதியும் சில்லு) கொண்ட கேமராவும், அதனுடன் வந்த 18–55 மி.மீ. ஜூம் லென்ஸும்தான். ஏழு ஆண்டுகளாக நான் அதிகம் நேசித்ததும் அதிகம் கோபப்பட்டதும் இந்த ஒரு கண்ணாடியோடுதான் என்பதால், வாங்கலாம், வேண்டாம் என்று ஒற்றைச் சொல்லில் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

இதன் சிறப்புகள் பலருக்கும் தெரிந்தவை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். எஃப் எண் சிறிதாகச் சிறிதாக லென்ஸின் வாய் அகலமாகத் திறக்கும். 18–55 லென்ஸ் 50 மி.மீ. அளவில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 1.8 அதைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்வை 1600இல் வைத்தும் ஷட்டர் 1/15 வினாடி திறந்திருக்க வேண்டிய மாலை வெளிச்சத்தில், அதே ஐஎஸ்ஓவில் இதற்கு 1/125 வினாடி தாராளமாகப் போதும். லென்ஸ் வந்த முதல் வாரம், விளக்கேற்றுவதற்குச் சற்று முன், என் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார். வாழைநாரின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் சுற்றியிருந்தார். இரண்டு மொட்டுகளை இப்படியும் இரண்டை அப்படியும் வைத்து அவர் முடிச்சை இழுக்கும் கணத்தில் எடுத்தேன். ஒரு மீட்டர் தூரத்தில், எஃப் 1.8இல், தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். முடிச்சும் அதைப் பிடித்திருந்த இரண்டு விரல் நுனிகளும் மட்டும் துல்லியமாக விழுந்தன. முறத்தில் குவிந்திருந்த மொட்டுகள் வெண்மையாகக் கரைந்துபோயின. இன்றுவரை நான் எடுத்தவற்றில் அதைவிட நல்ல படம் இல்லை.

என் மனக்குறை தெளிவைப் பற்றியதோ, ஃபோகஸ் வேகத்தைப் பற்றியதோ அன்று; வீட்டுக்குள் பின்னால் நகர இடம் போதாததைப் பற்றியது. எங்கள் வீட்டுக் கூடம் பத்தடிக்குப் பன்னிரண்டடி. எதிரில் இருப்பவர் சுவரைவிட்டு ஓரடி தள்ளி நின்று, நான் மறுசுவரில் முதுகைச் சாய்த்து நின்றால், கேமராவுக்கும் அவருக்கும் இடையே பத்தடி, அதாவது மூன்று மீட்டர் மிஞ்சும். அந்தத் தூரத்தில் 50 மி.மீ. லென்ஸ் இந்தச் சென்சாரில் நீளவாக்கில் பிடிப்பது ஏறத்தாழ 1.4 மீட்டர், நாலரை அடிக்குச் சற்று மேல். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினாலும் ஐந்தரையடி மனிதர் ஒருவர் தலைமுதல் கால்வரை அதற்குள் அடங்கமாட்டார். படுக்கவைத்துப் பிடித்தால் இருவர் நெருங்கி உட்காரலாம். மூன்றாமவரின் தோள் வெட்டுப்படும். இதே இடத்தில் 35 மி.மீ. லென்ஸ் இரண்டு மீட்டரைப் பிடித்துவிடும். வாங்குமுன் இந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் போட்டுப் பார்க்கவில்லை.

50 மி.மீ. லென்ஸ் கண்ணைப் போல இயல்பாகப் பார்க்கும், முதலில் அதையே வாங்கு என்ற அறிவுரை ஃபிலிம் காலத்திலிருந்து வருகிறது. 1925இல் லைப்சிக் கண்காட்சியில் அறிமுகமான லைக்கா கேமரா 50 மி.மீ. லென்ஸோடுதான் வந்தது; அதன் ஃபிலிமில் ஒரு படம் விழும் சட்டம் 36 மி.மீட்டருக்கு 24 மி.மீ. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் வாழ்நாளின் பெரும்பகுதி 50 மி.மீ. லென்ஸையே பயன்படுத்தினார் என்று நம்மவர்கள் எடுத்துக்காட்டும்போது, அந்தச் சட்டத்தின் அளவை விட்டுவிடுகிறார்கள். நம் கையிலிருக்கும் சென்சார் அதைவிடச் சிறியது. அந்தச் சட்டம் இதைப் போல் 1.5 மடங்கு நீளம் என்ற கணக்கில், இந்த லென்ஸ் அந்த ஃபிலிமில் 75 மி.மீ. லென்ஸ் பார்ப்பது போலவும், கேனான் கேமராக்களின் 1.6 மடங்கில் 80 மி.மீ. போலவும் பார்க்கும். அது ஒருவரின் முகத்தை எடுப்பதற்கு உரிய பார்வை. முதல் லென்ஸாக இதைப் பரிந்துரைப்பவர்கள், கேட்பவரின் கேமரா எது, வீடு எவ்வளவு பெரியது என்ற இரண்டு கேள்விகளையாவது கேட்டுவிட்டுப் பரிந்துரைத்தால் நன்றாயிருக்கும்.

லென்ஸ் வாங்கிய மறு ஆண்டு, அப்பாவின் மணிவிழாவை வீட்டிலேயே எளிமையாக நடத்தினோம். அதற்கு முந்தைய மாதம்தான், இனி தேவைப்படாது என்று எண்ணி, 18–55 லென்ஸைத் தம்பி மகனுக்குக் கொடுத்திருந்தேன். சடங்குகள் முடிந்தபின் அப்பாவும் அம்மாவும் நடுவில் அமர, அத்தையும் இரண்டு சித்தப்பாக்களும் இருபுறமும் நின்றார்கள். நான் கூடத்தைத் தாண்டிச் சமையலறை வாசல்வரை பின்வாங்கினேன். சிலிண்டர் காலில் இடித்தது. "மெதுவாடா, பின்னாடி அடுப்பு இருக்கு" என்று அத்தைதான் சொன்னார். அதற்குமேல் நகர வழியில்லை. எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லி எடுத்த ஏழு படங்களிலும் ஓரத்தில் நின்ற அத்தையின் இடது தோளும் பாதிக் கையும் சட்டத்துக்கு வெளியே போய்விட்டன. அவர் அடுத்த ஆண்டு காலமானார். அப்பாவின் உடன்பிறந்தவர்கள் அவரோடு நால்வராகச் சேர்ந்திருக்கும் படங்களென்று எங்கள் வீட்டில் இருப்பவை அந்த ஏழும்தான்.

நகரும் ஜூம் இல்லாத லென்ஸ் கட்டுப்பாட்டைக் கற்றுத்தரும், காலால் நடந்து சட்டம் அமைக்கப் பழக்கும் என்று சொல்வார்கள். வெளியில் அது உண்மை. மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தின் கரையிலோ அறுபத்துமூவர் திருவிழாக் கூட்டத்திலோ நடந்து நடந்து நான் கற்றுக்கொண்டது நிறையவே உண்டு. பல்லக்கின் பின்னால் போகிறவரின் வியர்த்த பிடரியைத் தனித்து எடுக்க இதைவிட ஏற்ற லென்ஸ் என்னிடம் இல்லை. ஆனால் சுவர் குறுக்கே நிற்கும்போது கால் எதையும் கற்றுக்கொள்வதில்லை. வீட்டுக்குள் எடுத்த என் படங்களெல்லாம் கைகளும் பாதி முகங்களுமாக இருப்பதைப் பார்த்து, தனிப் பாணி என்று பாராட்டியவர்கள் உண்டு. அது பாணி அன்று, இடமில்லாமை.

பழுதுபார்ப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் நனைந்த பையோடு அலமாரியில் வைத்து ஒரு மாதம் மறந்துவிட்டேன். உட்கண்ணாடியில் சிலந்தி நூல் போலப் பூஞ்சை படர்ந்துவிட்டது. கடையில் பிரித்துச் சுத்தம் செய்தார்கள். பூஞ்சை போய்விட்டது, ஆனால் மேற்பூச்சில் அது அரித்த தடம் இருக்கிறது. வெயிலுக்கு எதிராக எடுத்தால் படம் சற்று வெளுக்கிறது. சென்னை போன்ற கடலோர ஊரில் இருப்பவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லும் சிறிய ஈரப்பதமானியும் போட்டு, 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் மாற்றிவிட வேண்டும்.

நண்பருக்கு நான் சொன்ன பதில், வாங்காதீர்கள் என்பதுதான். மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தோன்றலாம். குழந்தையின் முகம் மட்டும் வேண்டுமென்றால் 50 போதும். குழந்தையை மடியில் வைத்திருக்கும் பாட்டியும் பக்கத்தில் நிற்கும் தாத்தாவும் வேண்டுமென்றால் விலை கூடினாலும் 35 மி.மீ. வாங்குங்கள். ஐயமிருந்தால், உங்கள் 18–55 லென்ஸை 50இல் நிறுத்தி, வளையம் நகராதபடி டேப் ஒட்டி, ஒரு வாரம் வீட்டுக்குள் மட்டும் எடுத்துப் பாருங்கள். முதுகு எத்தனை முறை சுவரில் முட்டுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

என் லென்ஸை நான் விற்கப்போவதில்லை. சுத்தம் செய்த கூலிக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பழைய லென்ஸ் ஒன்றே கிடைத்திருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். மல்லிகை முடிச்சை எடுத்தது இந்தக் கண்ணாடிதான் என்பதால் இதையே திரும்பப் பெற்றுக்கொண்டு வந்தேன்.